ஒன்பதாயிரத்தை அடுக்கும் விதம்

தலைவர் அவர்களே, நண்பர்களே, வணக்கம்.

மார்க்சியப் பொருளாதாரமும் நாட்டு வளர்ச்சியும் என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். ஒரு மாலைக்குள் அடங்காத தலைப்பு. ஆகவே ஒரே ஒரு கணக்கைப் போட்டுக் காட்டி, அது எங்கே இடறியது என்பதையும் சொல்லிவிட்டு அமர்ந்துவிடுகிறேன்.

மேடைகளில் கேட்டுக் கேட்டு, உழைப்பு ஆக்கும் மதிப்பில் கூலி போக மிஞ்சும் உபரி என்றாலே ஒழிக்கப்பட வேண்டியது என்று நம்மில் பலர் எண்ணிவிட்டோம். மார்க்ஸ் அப்படி எண்ணவில்லை. 1875இல் ஜெர்மன் சோஷலிஸ்டுகளின் கோத்தா வேலைத்திட்டம், உழைப்பின் பலன் குறைவின்றி எல்லோருக்கும் சேர வேண்டும் என்று பேசியது. கேட்பதற்கு இனிக்கிறது. மார்க்ஸோ கழித்தல் கணக்கில் இறங்கினார். தேய்ந்த கருவிகளுக்கு ஒரு பங்கு, உற்பத்தியைப் பெருக்க ஒரு பங்கு, விபத்துக்கும் இயற்கைச் சீற்றத்துக்கும் ஒரு சேமிப்பு. பிறகு நிர்வாகம், பள்ளி, மருத்துவம், உழைக்க இயலாதவர்கள். இத்தனையும் போகத்தான் பங்கீடு என்றார். முதலாளி போன பிறகும் உபரி இருக்கும். அது யார் கையில் இருக்கிறது, எதில் போடப்படுகிறது என்பதே வழக்கு.

இனிக் கணக்குக்கு வருவோம். மார்க்ஸ் இறந்தபின் ஏங்கெல்ஸ் கையெழுத்துப் படிகளைத் தொகுத்து 1885இல் வெளியிட்ட 'மூலதனம்' இரண்டாம் தொகுதியில் இது இருக்கிறது. பலர் பாதியில் கீழே வைத்துவிடும் தொகுதி. நானும் ஒருமுறை வைத்தேன். பொருளாதாரத்தை அவர் இரண்டு துறைகளாகப் பிரிக்கிறார். ஒன்று இயந்திரம், மூலப்பொருள் முதலிய உற்பத்திச் சாதனங்களை ஆக்குகிறது, மற்றது நுகர்பொருள்களை.

முதல் துறையில் தேய்மானமும் மூலப்பொருளும் 4000, கூலி 1000, உபரி 1000, ஆக 6000. இரண்டாம் துறையில் அதே வரிசையில் 2000, 500, 500, ஆக 3000. மொத்தம் 9000. முதல் துறையின் கூலியும் உபரியும் சேர்ந்த 2000, நுகர்பொருள் வாங்கப் போகிறது. இரண்டாம் துறை அதே 2000க்குச் சாதனங்களை வாங்கிக்கொள்கிறது. கணக்கு நேர். அடுத்த ஆண்டும் 9000, அதற்கடுத்த ஆண்டும் 9000.

இப்போது இரண்டாம் துறையை மட்டும் மாற்றி அடுக்குங்கள்: 1500, 750, 750. கூட்டினால் அதே 3000. மொத்தமும் அதே 9000. ஆனால் இரண்டாம் துறைக்கு ஈடுகட்ட வேண்டிய சாதனம் இப்போது 1500தான். 500 மதிப்புள்ள சாதனங்கள் கையில் மிஞ்சுகின்றன. முதல் துறை தன் உபரியில் பாதியைச் செலவழித்துத் தீர்க்காமல் மீண்டும் தொழிலில் போடுகிறது; அதற்கேற்ப இரண்டாம் துறையும் விரிகிறது. அடுத்த ஆண்டு மொத்தம் 9800.

இந்த இடத்தில் புத்தகத்தை மூடிவைத்துச் சற்று நேரம் உட்கார்ந்திருக்கலாம். ஒரே பருமனுள்ள இரண்டு பொருளாதாரங்கள். ஒன்று செக்குமாடாகச் சுற்றுகிறது, மற்றது வளர்கிறது. மொத்த உற்பத்தி எவ்வளவு என்று மட்டும் கேட்பவருக்கு முதல் ஆண்டில் இரண்டும் ஒன்றாகவே தெரியும்.

1928இல் சோவியத் பொருளியலர் ஃபெல்ட்மன் இந்த அட்டவணையிலிருந்து ஒரு வளர்ச்சி மாதிரியை வடித்தார். இந்தியாவின் இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்துக்காகப் புள்ளியியலர் மகலனோபிஸ் தனி வழியில் ஏறக்குறைய அதே இடத்துக்கு வந்து சேர்ந்தார்: இயந்திரத்தைச் செய்யும் இயந்திரத்தில் முதலில் முதலீடு செய். ஒன்று சொல்ல வேண்டும். மார்க்ஸ் இந்தக் கணக்கில் அயல் வாணிபத்தைச் சேர்க்கவில்லை. துணியை விற்று இயந்திரம் வாங்க முடிந்த நாடு, இயந்திரத்தைத் தானே செய்தாக வேண்டும் என்ற இறுக்கத்திலிருந்து ஓரளவு தப்பிவிடுகிறது. திட்டக்காரர்கள் பலர் இதைப் போதிய அளவு கணக்கில் கொள்ளவில்லை என்பது என் எண்ணம்.

எல்லா உபரியும் இந்த அட்டவணைக்குள் வந்து சேர்வதுமில்லை. கந்துவட்டி, பழைய உற்பத்தி முறையை மாற்றாமல் அதை ஒட்டுண்ணியாகப் பற்றிக்கொண்டு வாட்டுகிறது என்று மூன்றாம் தொகுதி சொல்கிறது. உழவரிடம் முதலீடு செய்ய எதுவும் மிஞ்சுவதில்லை என்று யாராவது எழுதும்போது எனக்கு இந்தப் பக்கங்கள்தான் நினைவுக்கு வரும். மிஞ்சியது வட்டியாகவும் குத்தகையாகவும் போயிருக்கும்.

சரி, அந்த 500 யாரிடமிருந்து வருகிறது? அட்டவணையில் அதற்கு முகம் இல்லை. சோவியத் ஒன்றியத்தில் 1923இல் முகம் தெரிந்தது. ஆலைப் பொருள்களின் விலை ஏறியது, விளைபொருளின் விலை சரிந்தது. 1913ஆம் ஆண்டின் விகிதத்தோடு ஒப்பிட்டால், அந்த அக்டோபரில் ஆலைப் பொருள் விளைபொருளைவிடச் சுமார் மூன்று மடங்கு விலை உயர்ந்து நின்றது. இரண்டு கோடுகளையும் வரைந்தால் திறந்த கத்தரிக்கோல் போல் இருக்கும். சோவியத் தலைவர்களில் ஒருவரான டிராட்ஸ்கி அந்தப் பெயரையே வைத்தார். உழவர்கள் வாங்குவதைக் குறைத்தார்கள். ஆலைகளில் சரக்கு தேங்கியது.

வேளாண்மையின் உபரியை விலை வழியாக எடுத்துத்தான் தொழிலை வளர்க்க முடியும் என்றார் சோவியத் பொருளியலர் பிரியோபிராஷென்ஸ்கி. உழவர் செழிக்காவிட்டால் ஆலைப் பொருளை வாங்க ஆள் ஏது என்றார் கட்சித் தலைவர்களில் ஒருவரான புகாரின். சில ஆண்டுகள் அச்சிலும் அரங்கிலும் நடந்த வாதம் அது. இன்றும் படிக்கத் தகுந்தது. 1929இன் இறுதியில் ஸ்டாலின், உழவர் நிலங்களைப் பலவந்தமாகக் கூட்டுப்பண்ணைகளில் சேர்ப்பதை முடுக்கிவிட்டார். தானியம் பறிக்கப்பட்டது. 1932, 1933இல் பஞ்சம் லட்சக்கணக்கானோரைக் கொண்டுபோயிற்று. பிரியோபிராஷென்ஸ்கி 1937இல் சுட்டுக் கொல்லப்பட்டார், புகாரின், 1938இல்.