சுண்டைக்காய் கால் பணம்: குறுந்தொழிலும் உள்ளூர் லைசென்ஸும்

(கோயம்புத்தூர்ல எங்க குறுந்தொழில் சங்கத்து ஆண்டு விழாவுல பேசினது. வர முடியாதவங்க கேட்டாங்கன்னு டைப் பண்ணிப் போடறேன். பேசின மாதிரியே விட்டிருக்கேன்.)

எல்லாருக்கும் வணக்கமுங்க. மேடையில இருக்கிற சங்கத் தலைவர் அண்ணன் அவர்களே, செயலாளர், பொருளாளர் அவர்களே, அத்தனை வேலைக்கு நடுவுல வந்திருக்கிற மாவட்டத் தொழில் மைய மேலாளர் ஐயா அவர்களே (ஐயாவுக்கு ஏழு மணிக்கு வேற கூட்டம் இருக்காம், ஆனா டிபன் சாப்பிடாம விடறதா இல்லீங்க), பேங்க் மேனேஜர் மேடம் அவர்களே, முன்னாள் தலைவர்கள் எல்லாரும் முன் வரிசையில இருக்கீங்க, ஒவ்வொருத்தர் பேரா சொன்னா விடிஞ்சிரும், ஒருத்தர் பேரு விட்டுப்போனா நாளைக்குக் காலையில போன் வரும், அதனால மொத்தமா ஒரு பெரிய கும்பிடு. சனிக்கிழமை செகண்ட் ஷிஃப்ட்டை நிறுத்திட்டு வந்திருக்கிற ஜாப் ஆர்டர் (கூலிக்கு வேலை செஞ்சு குடுக்கிற) அண்ணன் தம்பிகளே, அக்காமார்களே, உங்களுக்குத்தான் இன்னிக்கு முதல் மரியாதை.

எனக்குக் குடுத்த தலைப்பு 'உள்ளூர் சட்டதிட்டங்களும் சிறு குறு தொழில்களும்'. மூணு விஷயம் பேசலாம்னு குறிச்சுட்டு வந்தேன். ஒண்ணு லைசென்ஸ், ரெண்டு மாசுக் கட்டுப்பாடு, மூணு நமக்கு வரவேண்டிய பாக்கிப் பணம். எங்க அம்மிச்சி சந்தைக்குப் போயிட்டு வந்தா ஒரு பழமொழி சொல்லும், "சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்"னு. நம்ம லைசென்ஸ் கதை அப்பிடியே அதுதானுங்க.

ஃபீஸ் அதிகம்னு நான் சொல்ல வரல. தொழில் வரியையே எடுத்துக்குங்க, ஒருத்தருக்கு வருஷத்துக்கு 2,500 ரூபாய்க்கு மேல போகக்கூடாதுன்னு அரசியல் சட்டத்தோட 276வது பிரிவே வரம்பு போட்டிருக்கு. அதனால யாரும் கடையைச் சாத்தப் போறதில்ல. ஆனா பெரிய கம்பெனியில இந்தப் பேப்பரைப் பாக்கவே ஏசி ரூம்ல நாலு பேர் இருக்காங்க. நம்ம பட்டறையில முதலாளியும் அவரே, ஆபரேட்டரும் அவரே, டெலிவரிக்கு டிவிஎஸ் 50 ஓட்டறதும் அவரே. அவர் ஒரு கையெழுத்துக்காக ஆபீஸ் வாசல்ல நின்னா இங்க லேத்து நிக்குது, லேத்து நின்னா அன்னிக்குக் குடுக்க வேண்டிய இம்பெல்லர், அதான் பம்ப்புக்குள்ள சுத்தற சக்கரம், அது நிக்குது, பார்ட்டி அடுத்த ஆர்டரைப் பக்கத்துப் பட்டறைக்குக் குடுத்துட்டுப் போயிருவான். ஃபீஸ் ரசீதுல இருக்கும், இந்த நஷ்டம் எந்த ரசீதுலயும் இருக்காது.

நம்ம தம்பி ஒருத்தர், இந்தக் கூட்டத்துலதான் இருக்காரு, பேரு சொல்லல, சிரிக்கிறதைப் பாத்தாலே தெரிஞ்சிரும். வீட்டுக்குப் பின்னாடி தகர ஷெட்டு, ஒரு லேத்து, ஒரு ட்ரில்லிங் மெஷின், ஒரு பெஞ்ச் கிரைண்டர். பம்ப்செட் அசெம்பிள் பண்ணிக் குடுக்கிறாரு. மெஷின் லைசென்ஸ் புதுப்பிக்கணும், அதுக்கு எத்தனை ஹெச்.பி. மோட்டார் ஓடுதுன்னு கணக்கு. இவர் எழுதினது நாலு ஹெச்.பி. பாக்க வந்த சார் வாசல்ல செருப்பைக் கழட்டினாரு, நல்ல மனுஷன்தான், ஆத்தா குடுத்த மோரைக் குடிச்சாரு, நோட்டைத் தொறந்தாரு, எண்ண ஆரம்பிச்சாரு. லேத்து ரெண்டு ஹெச்.பி., எழுதியாச்சு. ட்ரில்லிங் ஒண்ணு. கிரைண்டர் ஒண்ணு. சரியா வந்துருச்சா, தம்பி பெருமூச்சு விட்டாரு. சார் அங்கிருந்து நகர்ந்து மூலைக்குப் போனாரு. அங்க அட்டைப்பெட்டி போட்டு அடுக்கி வெச்சிருக்கு, மறுநாள் பல்லடத்துக்கு லோடு ஏத்த வேண்டிய பம்ப்செட்டு இருபது, எல்லாம் ஒரு ஹெச்.பி. சார் ஒவ்வொரு பெட்டியாத் தொட்டுத் தொட்டு எண்ணறாரு. "சார், அது விக்கிறதுக்குங்க"ன்னு தம்பி சொல்றாரு. "மோட்டார்தானே?" "மோட்டார்தானுங்க, ஆனா..." "வளாகத்துக்குள்ளதானே இருக்குது?" "உள்ளதானுங்க இருக்குது..." "அப்ப எழுதித்தான் ஆகணும்." நாலும் இருபதும் இருபத்திநாலு ஹெச்.பி.! அத்தோட முடிஞ்சுதா? கிளம்பற நேரத்துல சமையக்கட்டுல 'கர்ர்ர்'னு சத்தம், ஆத்தா இட்லிக்கு மாவு ஆட்டிட்டு இருக்காங்க. சார் எட்டிப் பாத்துட்டு நின்னாரு. ஆத்தா விட்டாங்களா? "ஏஞ்சாமி, உரலுக்கும் லைசென்ஸ் வேணுமா, அப்ப நாளையிலிருந்து உங்க வீட்டுக்கே மாவை அனுப்பறேன், நீங்களே ஆட்டிக் குடுங்க"ன்னுட்டாங்க!

(இந்த இடத்துல அஞ்சு நிமிஷம் பேச விடல, ஒரே சிரிப்பு.)

கடைசியில பெட்டிக் கணக்கை அடிச்சுட்டாங்க, நெஜந்தான். ஆனா அதை அடிக்க வெக்கிறதுக்கு இவர் நடந்த நடை, எழுதின விளக்கக் கடிதம், லோடு ஏத்தாம நின்ன பம்ப்செட்டு, அதுக்கு யாருங்க பில்லு போடறது? சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.

சட்டமே வேண்டாம்னு நான் சொல்லல, அதை யாரும் திரிச்சுப் போட்டுராதீங்க. 2018ல தொழில் எளிமையாக்கல் சட்டம் வந்துது, எல்லா அனுமதிக்கும் ஒரே இடத்துல விண்ணப்பிக்கிற சிங்கிள் விண்டோ வந்துது, இத்தனை நாளைக்குள்ள பதில் சொல்லணும்னு கெடு வந்துது. நல்ல விஷயம், ஐயா முன்னாடியே பாராட்டறேன். மாசுக் கட்டுப்பாட்டுல எவ்வளவு மாசுன்னு பாத்து தொழில்களைச் சிவப்பு, ஆரஞ்சு, பச்சை, வெள்ளைன்னு பிரிச்சு, ரொம்பக் கம்மியான வெள்ளைக்கு வாரியத்தோட இசைவாணையே தேவையில்லன்னு வெச்சதும் நல்லதுதான். இரும்பு உருக்கி வார்க்கிற ஃபவுண்டரிக்காரங்க கஷ்டம் தனி, அதை இன்னொரு நாள் பேசறேன்.

நான் முக்கியமாப் பேச வந்தது படிக்கட்டுக் கணக்கைத்தான், ஒரு எல்லையைத் தாண்டினா அடுத்த விதி வந்து உக்காந்துக்கிற கதை. பத்து பேர் ஆனா ஈஎஸ்ஐ, இருபது பேர் ஆனா பிஎஃப். தொழிலாளிக்கு அது வேணும், எங்க அப்பாவே மில்லு வேலையில இருந்து ஈஎஸ்ஐ ஆஸ்பத்திரியில பொழைச்சவருதான். ஆனா ஒன்பது பேரோட நிக்கிற பட்டறை எத்தனைன்னு கணபதி, ஆவாரம்பாளையம் பக்கம் ஒரு நடை போயிப் பாருங்க. கரண்ட்டுலயும் அதே கதை. 12 கிலோவாட் வரைக்கும் குறுந்தொழிலுக்கான 3ஏ1 டேரிஃப், அதைத் தாண்டினா கட்டணம் கூடின 3பி. ரெண்டாவது லேத்து வாங்கக் காசு இருக்கு, ஆர்டர் இருக்கு, ஆனா வாங்க மாட்டான், ஏன்னா அடுத்த படி ஏறினா பில்லு எகிறிரும். குறுந்தொழிலைச் சிறுதொழிலா வளரச் சொல்லி மேடையில பேசறோம், வளந்தவனுக்கு அபராதம் மாதிரி பில்லு அனுப்பறோம்.

இப்ப கரண்ட்டுக்கே வந்துட்டேன், வந்தா விடமாட்டேன்னு உங்களுக்குத் தெரியும். நிலைக் கட்டணம், அதான் அனுமதி வாங்கின லோடுக்கு மாசாமாசம் கட்டறது, கிலோவாட்டுக்கு 35 ரூபாய் இருந்துது. 2022 செப்டம்பர் 10ல இருந்து சின்ன லோடுக்காரங்களுக்கே 75 ஆச்சு, 50 கிலோவாட்டைத் தாண்டினவங்களுக்கு 150. 112 கிலோவாட் வெச்சிருந்தவர் மாசம் 3,920 கட்டினது 16,800 ஆச்சு. அப்புறம் இன்னும் ஏறிச்சு. மெஷின் ஓடினாலும் அதான், ஆர்டர் இல்லாம சாத்தி வெச்சாலும் அதான். சுமைகூலியாவது சுமந்ததுக்குக் கேப்பாங்க, இது சும்மா உக்காந்திருந்ததுக்கும் கேக்குது! 2023 செப்டம்பர் 25ந்தேதி தமிழ்நாடு பூராவும் ஒருநாள் பட்டறையைச் சாத்தினோமே, எதுக்கு? இதுக்குத்தான். நீலகிரி பைக்காரா நீர்மின் நிலையத்துக் கரண்ட் வந்துதான் இந்த ஊருல மில்லும் பட்டறையும் பெருகிச்சு, அதே கரண்ட் பில்லாலதான் இப்ப ஷட்டர் இறங்குது.

நாம கேக்கறது ஒண்ணுதான். அனுமதி வாங்கின லோடுக்கு நிலைக் கட்டணம் போடாதீங்க, அந்த மாசம் நெஜமா இழுத்த லோடு, அதான் மீட்டர்ல பதிவான டிமாண்டு, அதுக்குப் போடுங்க. இலவசம் கேக்கல, மானியம் கேக்கல. ஓட்டினதுக்குக் கட்டறோம், அவ்வளவுதான்.

மூணாவது விஷயம், பாக்கிப் பணம். நம்மகிட்ட வாங்கினவங்க 45 நாள்ல குடுக்கணும்னு 2006 குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டத்துலயே இருக்கு, கெடுவுக்குள்ள குடுக்காத பாக்கியை அந்த வருஷச் செலவாக் காட்ட முடியாதுன்னு வருமான வரியில 43பி(ஹெச்)ன்னு ஒரு பிரிவும் வந்துது, அதுக்கு ஒரு தனிக் கூட்டமே போடணும். தலைவர் அண்ணன் ரெண்டு தடவை வாட்ச்சைப் பாத்துட்டாரு, சீட்டும் அனுப்பிட்டாரு. அடுத்த மாசம் கண்டிப்பா.

நிலைக் கட்டண மனு வாசல் மேசையில இருக்குது. கையெழுத்து மட்டும் போட்டுட்டுப் போயிராதீங்க, கரண்ட் சர்வீஸ் நம்பரையும் அனுமதி வாங்கின (சாங்ஷன்) லோடையும் எழுதுங்க, கடைசி மூணு மாச ஈபி பில்லை போட்டோ எடுத்துப் பொருளாளருக்கு வாட்ஸ்அப் பண்ணுங்க. பில்லு இல்லாத மனுவைக் குடுத்தா திருப்பி அனுப்பிருவாங்க. டிபன் மாடியில, ஐயாவை முதல்ல கூட்டிட்டுப் போங்க.