கோல்மன்ஸ்காப்: மணலில் மண்டியிட்டவர்கள்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

நமீபியாவில், லூடரிட்ஸ் துறைமுகத்திலிருந்து சுமார் 10 கிலோமீட்டர் தொலைவில், பாலைநிலத்தின் நடுவே கோல்மன்ஸ்காப் என்னும் ஊர் ஆளின்றி நிற்கிறது. மணல் புகுந்த அதன் மாளிகை அறைகளின் படங்களை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். அந்த மாளிகைகளுக்குச் செல்வம் எங்கிருந்து, யார் கைவழியாக வந்தது என்பதையே இன்று நான் பேச விரும்புகிறேன்.

1908 ஏப்ரலில், ரயில் பாதையை மூடிய மணலை அள்ளிக்கொண்டிருந்த சக்கரியாஸ் லெவாலா என்னும் தொழிலாளியின் கண்ணில் ஒரு கல் பட்டது. முன்பு கிம்பர்லி வைரச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர் என்பதால், அது என்ன கல் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அதைத் தம் மேற்பார்வையாளர் ஆகஸ்ட் ஸ்டாவ்கிடம் கொடுத்தார். நிலத்தில் அகழும் உரிமைகளை வாங்கிய ஸ்டாவ்க் பெருஞ்செல்வரானார். கண்டெடுத்தவருக்கோ அதில் பங்கு கிடைக்கவில்லை. அதே ஆண்டு செப்டம்பரில், அந்நாளில் நமீபியாவை ஆண்ட ஜெர்மன் அரசு அப்பகுதியைத் தடைசெய்யப்பட்ட நிலமாக அறிவித்தது.

அந்த ரயில் பாதைக்கும் ஒரு முன்கதை உண்டு. ஹெரேரோ, நாமா மக்கள்மீது ஜெர்மன் காலனி ஆட்சி நடத்திய இனப்படுகொலையின்போது, லூடரிட்ஸ் கரையையொட்டிய சுறாத் தீவு முகாமில் அடைக்கப்பட்ட கைதிகளின் கட்டாய உழைப்பும் அதை அமைப்பதில் சேர்ந்திருந்தது. இதைச் சொல்லாமல் வைரத்தின் கதையைத் தொடங்குவது நேர்மையாகாது என்று கருதுகிறேன்.

பிறகு ஊர் விரைந்து எழுந்தது. மருத்துவமனை, பள்ளி, நடன அரங்கு, பனிக்கட்டித் தொழிற்சாலை என ஜெர்மனியின் சிற்றூர் ஒன்றையே பெயர்த்து வைத்தாற்போல் எல்லாம் அமைந்தன. குடிநீர்கூடக் கேப் டவுனிலிருந்து கப்பலில் வந்தது. வடக்கிலிருந்து ஒப்பந்தத்தின்பேரில் குடும்பத்தை விட்டு வந்த ஓவாம்போ இன ஆண்களோ பொதுக் கொட்டகைகளில் தங்கினார்கள். வைரம் மேல்மணலிலேயே கிடந்த பள்ளத்தாக்குகளில், வரிசையாக மண்டியிட்டு, கைகளை ஊன்றித் தவழ்ந்து அவர்கள் கல் பொறுக்கினார்கள். அம்மருத்துவமனையின் எக்ஸ்ரே கருவி எலும்பு முறிவைப் பார்க்க மட்டும் பயன்படவில்லை. தொழிலாளி வைரத்தை விழுங்கியிருக்கிறாரா என்று பார்க்கவும் பயன்பட்டது. உழைத்தவனின் வயிற்றைச் சந்தேகித்த அந்தச் செயலை என்னால் எளிதில் கடந்துபோக முடியவில்லை.

முதல் உலகப்போரில் ஆட்சி தென்னாப்பிரிக்காவின் கைக்கு மாறியது. 1928-இல் தெற்கே, ஆரஞ்சு ஆற்றின் முகத்துவாரத்தருகே இன்னும் வளமான படிவுகள் தென்படவே, மக்கள் வீடுகளை விட்டு அங்கே நகர்ந்தார்கள். 1956-க்குள் ஊர் முற்றிலும் வெறுமையாகிவிட்டது.

லூடரிட்ஸ் செல்லும் அந்த ரயில் பாதையின்மீது காற்று இன்றும் மணலைக் கொண்டுவந்து கொட்டுகிறது. லெவாலா செய்த அந்த மணல் அள்ளும் வேலை அங்கே இன்னமும் முடியவில்லை.