டபுள் பேஸ் வாசிக்கும் விமர்சகர்

மக்களே, வணக்கம். இந்த வாரம் தியேட்டருக்கு வந்த படத்தைப் பற்றி நான் பேசப்போவதில்லை. பேசுகிற அளவுக்கு அதில் ஒன்றும் இல்லை. அதற்குப் பதிலாக, படங்களைப் பற்றிப் பேசியே பேர் வாங்கிய ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். பெயர் மார்க் கெர்மோட், இங்கிலாந்துக்காரர். பிபிசியில் டிவி, ரேடியோ இரண்டிலும் பல வருஷம் சினிமா விமர்சனம் செய்தவர். அதோடு ஒரு பேண்டில் டபுள் பேஸ் வாசிக்கிறவர். ஆள் உயரத்துக்கு நிற்குமே, பெரிய வயலின் மாதிரி, அதுதான்.

1963இல் லண்டனுக்கு வடக்கே பார்னெட்டில் பிறந்தார். கெர்மோட் என்பது அம்மா வீட்டுப் பெயர், பெரியவரான பிறகு முறைப்படி மாற்றிக்கொண்டது. மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் வாங்கினார். எதில் என்று நினைக்கிறீர்கள்? பேய்க்கதையில்! திகில் புனைகதைதான் ஆய்வுப் பொருள். 1973இல் வந்த 'தி எக்ஸார்சிஸ்ட்'தான் உலகத்திலேயே சிறந்த படம் என்று இன்றைக்கும் அடித்துச் சொல்வார். அந்த ஒரு படத்துக்கு ஒரு புத்தகமே எழுதியிருக்கிறார். எனக்கு அதில் அவ்வளவு உடன்பாடு இல்லை, ஆனால் அந்தப் பிடிவாதம் பிடிக்கும்.

2001 முதல் 2022 வரை ரேடியோ தொகுப்பாளர் சைமன் மேயோவோடு சேர்ந்து பிபிசி ரேடியோவில் வாராவாரம் விமர்சனம். படம் பிடிக்கவில்லையென்றால் மனுஷன் மூச்சு விடாமல் திட்டுவார். 'செக்ஸ் அண்ட் த சிட்டி 2' படத்தில் காட்டிய பணக்கார ஆடம்பரத்தைப் பார்த்துக் கடுப்பாகி, விமர்சனத்துக்கு நடுவிலேயே பாட்டாளிகளின் சர்வதேச கீதத்தைப் பாடினார், கேட்டியளா! அந்தத் திட்டுகளைக் கவனித்துக் கேட்டால் ஒரு தாளம் இருக்கும். மெதுவாகத் தொடங்கும், வேகம் ஏறும், சட்டென்று நிற்கும். அது மேடையில் வாசித்துப் பழகியவனுக்கு வருகிற நிறுத்தம். நானும் கொடை விழாக்களில் கீபோர்டு வாசிக்கிறவன்தான், அதனால் சொல்கிறேன்.

2006இல் லாஸ் ஏஞ்சலஸில் இயக்குநர் வெர்னர் ஹெர்சாகை வெட்டவெளியில் வைத்துப் பேட்டி எடுத்துக்கொண்டிருந்தார். யாரோ எங்கிருந்தோ ஏர் ரைஃபிளால் ஹெர்சாகைச் சுட்டுவிட்டார்கள். ஹெர்சாக் வயிற்றுக் காயத்தைக் காட்டி, இதெல்லாம் ஒரு குண்டா என்கிற மாதிரி சொல்லிவிட்டுப் பேச்சைத் தொடர்ந்தார். வீடியோ இருக்கிறது, தேடிப் பாருங்கள். கெர்மோட்டின் முகத்தைத்தான் பார்க்க வேண்டும்.

சரி, பாட்டுக்கு வருவோம். பையனாக இருந்தபோது, 1975இல், ஸ்லேட் என்கிற ராக் குழு நடித்த படம் ஒன்றைப் பார்த்துவிட்டு, நாமும் பாப் ஸ்டார் ஆகிவிடலாம் என்று முடிவு கட்டினார். கிடார் வாங்கவில்லை, எலக்ட்ரிக் கிடாரைத் தானே செய்தார். அதற்குப் பிறகு வரிசையாக பேண்டுகள். இப்போது பேர் சொல்வது 'டாட்ஜ் பிரதர்ஸ்'. ஸ்கிஃபில், ராக்கபில்லி என்று அமெரிக்கக் கிராமத்து வாடை அடிக்கிற பழைய இசை. அதில் துணி துவைக்கிற தகரப் பலகையைக்கூட வாத்தியமாக்குவார்கள். விரல் நுனியில் தையல்காரர் போடுகிற உலோகக் குப்பியை மாட்டிக்கொண்டு வரிவரியான தகரத்தில் சரசரவென்று இழுப்பார்கள். நம்ம ஊர் வில்லுப்பாட்டில் மண்குடத்தின் வாயில் மட்டையால் தட்டி எடுக்கிறோமே ஒரு 'தும்' சத்தம், அதே ஜாதிதான். வீட்டுச் சாமானில் பிறந்த இசை.

இந்தக் குழு மௌனப் படங்களுக்கு நேரடியாக வாசிக்கிறது. பியானோவுக்கு நீல் பிராண்ட் கூடச் சேர்ந்துகொள்வார். அவர்கள் அடிக்கடி வாசிப்பது 1928இல் வந்த 'பெக்கர்ஸ் ஆஃப் லைஃப்'. வீட்டில் ஒருவனைக் கொன்றுவிட்டுத் தப்பிக்கிற ஒரு பெண், பையன் வேஷம் போட்டுக்கொண்டு கூட்ஸ் வண்டிகளில் ஏறிப் போகிற கதை. திரையில் ரயில் வேகம் எடுக்கும்போது கீழே பேஸும் வேகம் எடுக்க வேண்டும். பிரேக் பிடித்தால் இங்கேயும் நிற்க வேண்டும். ஒரு நொடி கண்ணை எடுத்தால் போச்சு. விமர்சகன் ஒரு படத்தை இப்படிப் பார்த்தால்தான் அதன் வெட்டு எங்கே விழுகிறது, நடிகை எப்போது மூச்சு வாங்குகிறாள் என்பதெல்லாம் உடம்பில் ஏறும். எங்களைப் போல செல்போனை நோண்டிக்கொண்டே படம் பார்த்துவிட்டு வந்து மார்க் போடுகிற கூட்டத்துக்கு இது வராது.

இங்கேதான் எனக்கு ஏக்கம். மலையாளத்தின் முதல் படமான 'விகதகுமாரன்' மௌனப் படம். எடுத்த ஜே.சி. டேனியல் நம்ம குமரி மாவட்டத்து அகஸ்தீஸ்வரத்தில் வாழ்ந்து 1975இல் இறந்தவர். நிலத்தை விற்றுப் படம் எடுத்தார். தலித் பெண்ணான பி.கே. ரோஸி நாயர் பெண்ணாக நடித்ததற்காகத் திருவனந்தபுரத்தில் கலவரமே செய்தார்கள். அந்தப் படம் இன்றைக்கு ஒரு அடிகூட மிச்சமில்லை. யார் நினைத்தாலும் அதற்கு வாசிக்க முடியாது.

ஆனால் 1933இல் வந்த 'மார்த்தாண்ட வர்மா' மிச்சமிருக்கிறது! தயாரித்தவர் நாகர்கோவில் சுந்தர்ராஜ். சி.வி. ராமன் பிள்ளையின் நாவல்தான் கதை. நாவலைப் பதிப்பித்தவர்கள் காப்புரிமை வழக்குப் போட, சில நாளிலேயே படத்தைத் தியேட்டரிலிருந்து தூக்கிவிட்டார்கள். பிரதி 1974இல் கிடைத்து, புனே திரைப்பட ஆவணக் காப்பகத்துக்குப் போனது. பத்மநாபபுரத்தில் இருந்து ஆண்ட ராஜாவின் கதை, நாகர்கோவில்காரர் காசு, வசனம் இல்லாத படம். இதற்கு வில்லுப்பாட்டைத் தவிர வேறு என்ன வாத்தியம் பொருந்தும் சொல்லுங்கள்! கலைவாணர் என்.எஸ்.கே. பிறந்த ஊர் இது, வில்லுக்குப் பஞ்சமா?

புனேயில் அனுமதி கேட்கிற வேலையை நான் பார்க்கிறேன். தோவாளைப் பக்கமோ, கல்குளம் பக்கமோ, விருப்பமுள்ள வில்லுப்பாட்டுக் குழு இருந்தால் எனக்குச் செய்தி அனுப்புங்கள். கீபோர்டை நான் வீட்டிலேயே வைத்துவிட்டு வருகிறேன், சம்பளமும் பேசிக்கொள்ளலாம். குடம் தட்டுகிற அண்ணன் மட்டும் கூட்டத்தைப் பார்க்காமல் திரையைப் பார்த்து உட்கார வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை.