நீச்சல் தடாக ஹீற்றர் இரண்டாம் பருவத்திலேயே ஓட்டையாவது ஏன்?

[காட்சி: மழை ஓய்ந்த காலை, விடுதியின் பின்புறம், ஹீற்றரின் அடியில் தேங்கிய நீர்]

வணக்கம். இலங்கையின் கிழக்குக் கரையில் நீச்சல் தடாகத்துக்கு, நீரைச் சூடாக்கும் ஹீற்றர் எதற்கு என்று கேட்பவர்கள், மாரியில் வாடைக்காற்று வீசும் காலைப்பொழுதில் தடாகத்தில் கால் வைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள். பாசிக்குடாவிலோ அறுகம்பையிலோ பல வருடங்கள் உழைக்க வேண்டிய ஹீற்றர் இரண்டாம் பருவத்திலேயே கசியத் தொடங்கினால், புதியதை வாங்குவதற்கு முன் பழையதைத் திறந்து பாருங்கள். காரணம் தெரியாமல் மாற்றினால், புதியதும் அதே வழியிலேயே போகும்.

[காட்சி: தொழினுட்பவியலாளர் மின்னிணைப்பைத் துண்டித்து, வெப்பப் பரிமாற்றியின் மூடியைக் கழற்றுகிறார்]

இது பயிற்சி பெற்றவரின் வேலை. மின்சாரமும் வாயுவும் நிறுத்தப்பட்ட பின்னரே கை வைக்க வேண்டும். வெப்பப் பரிமாற்றி என்பது தடாக நீர் ஓடிச் சூடாகும் பகுதி. அதன் செப்புக் குழாய்களின் உட்புறத்தில் வெண்மையான படிவு தடித்திருந்தால், நீரின் வன்மையும் (சுண்ண உப்புகளின் அளவு), அமிலமா காரமா என்று காட்டும் பிஎச் பெறுமானமும் கூடியிருந்தன என்று பொருள். நீர் நுழையும் முனையும் வளைவுகளும் மட்டும் தேய்ந்திருந்தால், பம்பி அளவுக்கு மீறிய வேகத்தில் நீரைத் தள்ளியிருக்கிறது. குழாய் முழுவதுமே மெலிந்து, தடாகச் சுவரில் நீலப்பச்சைக் கறையும் படிந்திருந்தால், செப்பைத் தின்றது அமிலம். அந்தக் கறை உங்கள் ஹீற்றரின் செப்பேதான்.

[காட்சி: தடாகத்தின் மேல்நீரை உள்ளிழுக்கும் ஸ்கிம்மரின் கூடைக்குள் குளோரின் வில்லைகள்]

அமிலம் எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் இந்தக் கூடையிலிருந்து. டிரைகுளோர் எனப்படும் இந்த வில்லை கரையும் நீரின் பிஎச் ஏறத்தாழ 3. தடாகத்துக்கு உகந்தது 7.2 முதல் 7.8 வரை, பிஎச்சில் ஒன்று குறைந்தாலே அமிலத்தன்மை பத்து மடங்காகும் என்பதை நினைத்தால், 3 என்பது எவ்வளவு கடுமையானது என்று விளங்கும். கூடையிலிருந்து பம்பிக்கும், வடிகட்டிக்கும், பிறகு ஹீற்றருக்கும் செல்லும் நீர் இந்தச் செறிந்த அமிலத்தைச் சுமந்து செல்கிறது. பம்பி நிற்கும்போது கூடையில் தேங்கிச் செறியும் நீரோ, மீண்டும் இயக்கியதும் நேரே செப்புக் குழாய்களுக்குள் புகுகிறது.

நம் பகுதியில் இதை மோசமாக்குவது விருந்தினர் இல்லாத மாரிக் காலம். மின்கட்டணத்தைக் குறைக்கப் பம்பியை நிறுத்திவிடுகிறார்கள். வில்லைகளை எடுக்க மட்டும் மறந்துவிடுகிறார்கள். போதாக்குறைக்கு, காரத்தன்மை ஏறக்குறைய இல்லாத மழைநீர் தடாகத்தில் கலந்து, பிஎச்சைத் தாங்கிப் பிடிக்கும் வலுவையும் குறைத்துவிடுகிறது.

[காட்சி: ஹீற்றருக்குப் பின் பொருத்தப்பட்ட குளோரினேற்றியும் ஒருவழி வால்வும்]

ஆகவே குளோரின் ஊட்டும் கருவி, உப்பு நீரில் இயங்குவதாயினும், ஹீற்றருக்குப் பின்னரே இருக்க வேண்டும். இரண்டுக்கும் இடையில் ஒருவழி வால்வு அவசியம். பெருமழைக்குப் பிறகு நீரைச் சோதியுங்கள். காரத்தன்மை லீற்றருக்கு 80 முதல் 120 மில்லிகிராம் இருக்க வேண்டும். குறைந்திருந்தால் கடையில் வாங்கும் அப்பச்சோடாவே போதும்: 50,000 லீற்றர் தடாகத்தில் அதை லீற்றருக்கு 10 மில்லிகிராம் உயர்த்த ஏறத்தாழ 850 கிராம் வேண்டும்.

[காட்சி: கடலை நோக்கி நிற்கும் வெப்பப் பம்பி, துருப்பிடித்த தகடுகள்]

வெளிக்காற்றின் வெப்பத்தை எடுத்து நீரைச் சூடாக்கும் வெப்பப் பம்பி வகையில் டைட்டேனியம் குழாய் இருந்தால் நீரின் அமிலத்துக்கு அஞ்ச வேண்டியதில்லை. அங்கே எதிரி வெளியே இருக்கிறது. சைக்கிள் சங்கிலியையே விட்டுவைக்காத உப்புக்காற்று அலுமினியத் தகடுகளையும் அரிக்கும். கடற்காற்று நேரே படாத இடத்தில் நிறுத்தி, தகடுகளை நன்னீரால் மெதுவாகக் கழுவி வாருங்கள்; உயரழுத்த நீர் தகடுகளை வளைத்துவிடும்.

விடுதியை மூடும் நாளில் வரிசை மாறக் கூடாது. முதலில் வில்லைகளை எடுத்துவிட்டுப் பம்பியைச் சில மணி நேரம் ஓட விடுங்கள்; பிறகு மின்சாரத்தை நிறுத்தி, ஹீற்றருக்குள் மிஞ்சிய நீரை முழுவதுமாக வடித்துவிடுங்கள்.