ஃபைனல் ஃபேன்டஸி: முடியைப் பேசினோம், கதையை விட்டுவிட்டோம்

[திரையில்: சிவந்த வானம், வறண்ட நிலம், தனியாக நிற்கும் ஒரு பெண்]

வணக்கம். 'ஃபைனல் ஃபேன்டஸி' வீடியோ கேம் வரிசையின் பெயரில் முழுக்கக் கணினியிலேயே உருவாக்கி, 2001 ஜூலையில் வெளிவந்த 'ஃபைனல் ஃபேன்டஸி: தி ஸ்பிரிட்ஸ் விதின்' படத்தைப் பற்றிப் பேச்செடுத்தாலே இரண்டு தகவல்கள் வந்து விழும். ஒன்று, கதாநாயகி அக்கி ராஸின் தலையில் 60,000 முடிகளைக் கணினியில் தனித்தனியாக உருவாக்கினார்கள் என்பது. இன்னொன்று, படம் பெரிய நஷ்டம் என்பது. இரண்டும் உண்மைதான். ஆனால் அதன் கதையை யாரும் பேசுவதில்லை. எனக்கு அதுதான் முக்கியம். முடிவையும் சேர்த்தே சொல்லப்போகிறேன், பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.

[திரையில்: இடிந்து கிடக்கும் நியூயார்க்]

ஆண்டு 2065. 34 வருடங்களுக்கு முன் ஒரு விண்கல் பூமியில் விழுந்தது. அதிலிருந்து வந்தவை ஃபேன்டம்கள். சுவர், உடற்கவசம் எதுவும் அவற்றைத் தடுக்காது, ஊடுருவி வரும். ஒரு காட்சியைக் கவனியுங்கள். ஃபேன்டம் ஒரு வீரரைத் தொடுகிறது. உடலில் காயமே இல்லை. ஆனால் ஒளிரும் ஓர் உருவம் அந்த உடலிலிருந்து உருவப்பட்டு வெளியே வருகிறது, வெறும் உடல் சரிந்து விழுகிறது. ரத்தம் காட்டாமல் சாவைக் காட்டிய விதத்தில் இன்னமும் எனக்கு அந்தக் காட்சி நடுக்கம் தருகிறது.

மிஞ்சிய மனிதர்கள், ஃபேன்டம்களைத் தடுக்கும் ஆற்றல் கவசம் போட்ட நகரங்களுக்குள் வாழ்கிறார்கள். ஜெனரல் ஹைன் தன் குடும்பத்தை ஃபேன்டம்களுக்குப் பறிகொடுத்தவர். விண்வெளியில் இருக்கும் ஜீயஸ் பீரங்கியால் அந்த விண்கல்லைச் சுட்டுப் பொசுக்க வேண்டும் என்கிறார். விஞ்ஞானியான அக்கியும் அவரது வழிகாட்டி டாக்டர் சிட்டும் வேறு வழி தேடுகிறார்கள்: எட்டு உயிர்களின் ஆற்றலைச் சேர்த்தால் ஃபேன்டம்களை அடக்கலாம். அதில் ஒன்று, இடிபாடுகளுக்கு நடுவே முளைத்த ஒரு சின்னச் செடி.

சரி, இந்த ஃபேன்டம்கள் யார்? படையெடுத்து வந்தவர்கள் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். அப்படியானால் ஒரு விஷயம் இடிக்கிறது. மனித அளவில் சில, மலை போல சில, விலங்கு போல சில. போருக்கு வருகிறவர்கள் விலங்குகளை ஏன் கூட்டி வர வேண்டும்? அக்கிக்குத் திரும்பத் திரும்ப வரும் கனவில்தான் விடை இருக்கிறது. வேறொரு கோளில், இரண்டு இனங்கள் தங்களுக்குள் போரிட்டுக் கோளையே சிதறடித்துவிட்டன. சிதறிய துண்டு ஒன்றுதான் இங்கே வந்து விழுந்தது. அதோடு வந்தவை ஆவிகள். தாங்கள் செத்துப்போனதே தெரியாமல் அலைகிறவை. ஏற்கெனவே செத்தவர்களை பீரங்கியால் என்ன செய்ய முடியும்?

[திரையில்: தன் தலையில் துப்பாக்கியை வைக்கும் ஹைன்]

இவ்வளவு கோபமும் ஆயுதமும் இருந்தும், தோற்கடிக்க ஓர் எதிரியே இல்லாத அறிவியல் புனைகதை இது. ஹைனும் வழக்கமான வில்லன் இல்லை. பீரங்கிக்கு அனுமதி வாங்குவதற்காக நியூயார்க்கின் கவசத்தைக் கொஞ்சம் தளர்த்துகிறார், நகரமே அழிகிறது. பிறகு துப்பாக்கியைத் தன் தலையில் வைக்கிறார், சுட முடியவில்லை. அந்தக் குற்ற உணர்ச்சியோடுதான் ஜீயஸுக்குப் போகிறார்.

"கேமில் இருந்த மந்திரம் இல்லை, சவாரி செய்யும் பறவையான சோகோபோ இல்லை, இது எப்படி ஃபைனல் ஃபேன்டஸி?" என்று ரசிகர்கள் கேட்டார்கள். ஏமாற்றம் புரிகிறது, ஆனால் வாதத்தை நான் ஏற்கவில்லை. 1987இல் தொடங்கிய அந்த வரிசையில் எண் மாறும்போதெல்லாம் பெரும்பாலும் உலகமும் மாறும். 1997இல் வந்த ஏழாவது கேமை ஆடியவர்களுக்கு, உயிர்கள் கோளிடமே திரும்பிப் போகும் என்ற எண்ணம் பழக்கமானது. படத்தில் 'கையா' என்று சொல்லப்படும் பூமியின் உயிரும் அதேதான். வரிசையை உருவாக்கிய ஹிரோனொபு சகாகுச்சியே இதை இயக்கினார். தாயைப் பறிகொடுத்தவர் அவர்; சாவுக்குப் பிறகு உயிர் என்னவாகிறது என்ற கேள்வி இரண்டு படைப்பிலும் இருக்கிறது.

[திரையில்: டாக்டர் சிட்டின் முகம், மிக அருகில்]

தொழில்நுட்பம் பற்றிச் சுருக்கமாக. ஹவாயின் ஹோனலுலுவில் ஸ்குவேர் பிக்சர்ஸ் ஸ்டூடியோவில் சுமார் 200 பேர், நான்கு வருட வேலை. ஒரு ஃபிரேமை ரெண்டர் செய்யவே, அதாவது கணினி முழுப் படமாக வரைந்து முடிக்கவே, சராசரியாக 90 நிமிடம். உடல் அசைவுகள் மோஷன் கேப்சர், அதாவது நடிகர்களின் அசைவைப் பதிவு செய்து எடுத்தவை; முகங்களை அனிமேட்டர்கள் கையால் அசைத்தார்கள். சிட்டின் சுருக்கம் விழுந்த முகம் நம்பும்படி இருக்கிறது. அக்கியின் வழவழப்பான முகம் அசையாமல் இருக்கும்வரை அழகு, பேசும்போது உயிர் சற்றுக் குறைகிறது. மனிதரைக் கிட்டத்தட்ட ஒத்திருக்கும் உருவம்தான் நம்மை அதிகம் சங்கடப்படுத்தும் என்று ஜப்பானிய ரோபோ ஆய்வாளர் மசஹிரோ மோரி 1970லேயே எழுதியிருந்தார்.

செலவு சுமார் 13.7 கோடி டாலர், உலக வசூல் சுமார் 8.5 கோடி. எனிக்ஸ் என்ற இன்னொரு கேம் நிறுவனத்தோடு, ஸ்டூடியோவின் தாய் நிறுவனமான ஸ்குவேர் இணைவது தள்ளிப்போய், 2003 ஏப்ரலில்தான் நடந்தது. ஸ்டூடியோ, 'மேட்ரிக்ஸ்' படங்களின் உலகத்தை வைத்து வந்த 'அனிமேட்ரிக்ஸ்' அனிமேஷன் தொகுப்புக்கு ஒரு குறும்படம் செய்துவிட்டு மூடப்பட்டது. சகாகுச்சி வெளியேறி மிஸ்ட்வாக்கர் என்ற சொந்த கேம் நிறுவனத்தைத் தொடங்கினார்.

படம் பார்க்கப் போகிறீர்களா? அக்கியின் கனவு ஒவ்வொரு முறை வரும்போதும் முந்தையதைவிடக் கொஞ்சம் தூரம் போகும். எங்கே நிற்கிறது என்று பார்த்துக்கொண்டே வாருங்கள், அக்கிக்கு முன்னாலேயே உங்களுக்கு விடை பிடிபட்டுவிடும்.