இருப்பைக் கணக்கெடுக்கும் ஏழு நாட்கள்

நேயர்கள் அனைவருக்கும் என் அன்பான வணக்கம்.

ஒரு வாரம் எதையும் வாங்காமல், வீட்டில் ஏற்கெனவே இருப்பதை மட்டும் கொண்டு குடும்பம் நடத்துவது பற்றிப் பேசும்படி நிலையத்தார் என்னை அழைத்திருக்கிறார்கள். என் பணிக்காலம் முழுவதும் நான் பண்டகக் காப்பாளராக இருந்தவன். சரக்கு வருவதையும், அடுக்கப்படுவதையும், வெளியே போவதையும், போக வழியில்லாமல் மீந்து கெடுவதையும் நாள்தோறும் பார்த்தவன். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்: இந்த ஏழு நாட்களைச் சிக்கன வாரம் என்று அழைப்பதைவிட இருப்புச் சரிபார்ப்பு வாரம் என்று அழைப்பதுதான் பொருத்தம்.

கிடங்குகளில் குறிப்பிட்ட காலத்துக்கு ஒரு முறை இருப்பைச் சரிபார்ப்போம். அந்த நாட்களில் புதிய சரக்கை உள்ளே எடுக்க மாட்டோம். வாசலில் வண்டி வந்து நின்றால்கூடக் காத்திருக்கச் சொல்வோம். ஒரு பக்கம் வரவு நடந்துகொண்டே இருந்தால் மறுபக்கம் எண்ணி முடிக்க இயலாது என்பதுதான் அதற்குக் காரணம். வீடுகளில் இப்படி வரவு நிற்பதே இல்லை. நேற்று வாங்கியது தீர்வதற்குள் இன்று ஒன்று வந்துவிடுகிறது. அது எதன் மேல் வைக்கப்பட்டது, அதற்கடியில் என்ன இருந்தது என்று யாரும் பார்ப்பதில்லை. ஒரு வாரம் வாங்குவதை நிறுத்தும்போது முதல் முறையாக வீட்டின் இருப்பு அசையாமல் நிற்கிறது. அப்போதுதான் அதைப் பார்க்க முடிகிறது.

நான் ஓய்வு பெற்ற ஆண்டில் என் மனைவியும் நானும் இந்த முயற்சியை முதன்முதலாக மேற்கொண்டோம். அலமாரியின் கீழ்த்தட்டைக் காலி செய்தபோது ஒரே வகை மாவு மூன்று பொட்டலங்களாக வெளியே வந்தது. மூன்றும் பிரித்துப் பாதி எடுத்து, வாயை மடித்து ரப்பர் வளையம் போட்டு வைக்கப்பட்டிருந்தன. பின்னால் இருந்த பொட்டலத்தின் ரப்பர் வளையம் தொட்டவுடன் அறுந்து விழுந்தது. உள்ளே மாவு கட்டி கட்டியாக, நூலாம்படை போன்ற மெல்லிய இழைகளால் ஒட்டிக்கொண்டிருந்தது. விளக்கருகே கொண்டுபோய்ப் பார்த்தால் சிறிய புழுக்கள் நெளிந்தன. அந்தப் பொட்டலத்தைக் குப்பையில் போட்டபோது எனக்கு உண்மையிலேயே மனம் வருந்தியது. முதலில் வந்த சரக்கு முதலில் வெளியேற வேண்டும் என்பது பண்டகசாலையின் முதல் பாடம். அதற்காகவே புதியதைப் பின்னாலும் பழையதை முன்னாலும் அடுக்குவோம். அந்த ஒரு விதியை எத்தனையோ இளம் பணியாளர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். என் வீட்டு அலமாரியில் மட்டும் அது நடைமுறைக்கு வரவில்லை.

பணத்துக்குக் கணக்கு எழுதும் வீடுகள் உலகெங்கும் உண்டு. ஜப்பானில் ஹனி மோட்டோகோ என்ற பெண் பத்திரிகையாளர் 1904ஆம் ஆண்டிலேயே வீட்டுக் கணக்குப் புத்தகத்தை அச்சிட்டு வெளியிட்டார். ககேய்போ என்ற பெயரில் அந்தப் பழக்கம் இன்றும் அங்கே தொடர்கிறது. ஆனால் பணக் கணக்கில் ஒரு பொருளை வாங்கிய நாள் மட்டுமே பதிவாகும். அந்தப் பொருள் தீர்ந்ததா, பாதியில் கெட்டதா, இன்னும் பின்வரிசையில் கிடக்கிறதா என்பது பதிவாகாது. செலவு எழுதப்பட்டுவிட்டதால் அந்தக் கணக்கு முடிந்துவிட்டதாக நாம் நினைத்துக்கொள்கிறோம். பொருளின் கணக்கு அங்கிருந்துதான் தொடங்குகிறது.

இந்தக் கணக்கை எழுதாததன் விளைவு சிறியதன்று. ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் திட்ட அமைப்பு 2024இல் வெளியிட்ட அறிக்கை, 2022ஆம் ஆண்டில் மட்டும் உலகம் 105 கோடி டன் உணவை வீணாக்கியது என்று மதிப்பிடுகிறது. அதில் 60 விழுக்காடு உணவகங்களிலோ கடைகளிலோ வீணானதன்று, வீடுகளில் வீணானது. வீடுகளில் வீணானது மட்டும் ஆளுக்கு ஆண்டொன்றுக்கு 79 கிலோ என்று கணக்கு வருகிறது. நான் ஒரு பொட்டலம் மாவுக்கு வருந்தினேன் என்று சொன்னேன் அல்லவா, அப்படிப்பட்ட பொட்டலங்கள் சேர்ந்துதான் இந்தப் பேரெண் உருவாகிறது.

கனடாவின் வான்கூவர் நகரில் 1992ஆம் ஆண்டு தொடங்கிய ‘எதையும் வாங்காத நாள்’ பல நாடுகளுக்குப் பரவியது. நுகர்வுக்கு எதிரான அறிவிப்பு என்ற வகையில் அதை நான் மதிக்கிறேன். ஆயினும் வீட்டு நிர்வாகத்துக்கு ஒரு நாள் போதாது. இன்று வாங்காததை நாளை வாங்கிக்கொள்ளலாம். ஒரு வாரம் என்னும்போதுதான் உண்மையில் சில பொருட்கள் தீர்கின்றன. தீரும்போது வேறு எதைக் கொண்டு சமாளிப்பது என்ற யோசனை பிறக்கிறது.

முதல் நாள் வேலை கணக்கெடுப்பு. சமையலறை அலமாரி, குளிர்பெட்டி, குளியலறை மாடம், மருந்துப் பெட்டி, மேசை இழுப்பறை என்று ஒவ்வோர் இடமாக எல்லாவற்றையும் வெளியே எடுத்துத் தரையில் பரப்புங்கள். உள்ளே இருக்கும்படியே எண்ணினால் முன்வரிசையைத்தான் எண்ணுவோம். ஒரு தாளில் பொருளின் பெயர், உத்தேச அளவு, உறையின் மேல் அச்சிட்டிருக்கும் தேதி இவ்வளவு எழுதினால் போதும். எழுதி முடித்தவுடன் இந்த வாரமே தீர்க்க வேண்டியவற்றுக்கு எதிரே ஒரு கோடு இடுங்கள். வாடத் தொடங்கிய காய்கள், பிரித்து வைத்த பொட்டலங்கள், தேதி நெருங்கியவை ஆகியன அந்தக் கோட்டுக்குள் வரும். ஏழு நாட்களின் சமையலை ஆசையைக் கேட்டுத் திட்டமிடாமல் அந்தக் கோடுகளைப் பார்த்துத் திட்டமிட வேண்டும். எது முதலில் கெடுமோ அது முதல் நாள் பானைக்குப் போகட்டும். அரிசி, பருப்பு, உப்பு, சர்க்கரை போன்றவை வாரக் கடைசிவரை காத்திருக்கும்.

இங்கே தேதிகளைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. நல்ல பொருளைத் தூக்கி எறிவதும் கெட்ட பொருளை உண்பதும் ஆகிய இரண்டு தவறுகளும் இதில்தான் நேர்கின்றன. பன்னாட்டு உணவுத் தரங்களை வகுக்கும் கோடெக்ஸ் ஆணையம் தேதிகளை இரண்டு வகையாகப் பிரிக்கிறது. ஒன்று, இந்தத் தேதிக்குள் பயன்படுத்தினால் சிறந்தது என்பது. அது சுவை, மணம், மொறுமொறுப்பு பற்றியது. உறை கெடாமல், சொன்னபடி வைத்திருந்தால், அந்தத் தேதி கடந்த பிறகும் உலர்ந்த பொருட்கள் பெரும்பாலும் உண்ணத் தக்கவையாகவே இருக்கும். மற்றொன்று, இந்தத் தேதிக்குள் பயன்படுத்தியே ஆக வேண்டும் என்பது. அது பாதுகாப்பு பற்றியது. இறைச்சி, மீன், சமைத்துக் குளிர்வித்து விற்கும் உணவு போன்றவற்றில் இந்த வகைத் தேதி இருந்தால், அது கடந்த பிறகு எவ்வளவு நன்றாகத் தோன்றினாலும் விட்டுவிட வேண்டும். முகர்ந்து பார்த்து முடிவு செய்வது இவற்றில் உதவாது. நோய் தரும் கிருமிகள் பலவற்றுக்கு மணமே இல்லை.

மிச்ச உணவுக்கும் அளவுகள் உண்டு. சமைத்த உணவை அறை வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது என்றும், குளிர்பெட்டியில் 5 பாகை செல்சியசுக்குக் கீழே வைக்க வேண்டும் என்றும், மீண்டும் சூடாக்கும்போது உணவு முழுவதும் 70 பாகைக்கு மேல் சூடாக வேண்டும் என்றும் உலக சுகாதார நிறுவனம் அறிவுறுத்துகிறது. சோற்றுக்கு இது இன்னும் கூடுதலாகப் பொருந்தும். அரிசியில் இருக்கும் ஒரு வகை நுண்ணுயிரின் வித்துகள் கொதிநீரிலும் பிழைத்துவிடும். சோறு வெளியே கிடந்தால் அவை முளைத்து நஞ்சை உண்டாக்கும். அந்த நஞ்சு பிறகு சூடாக்கினாலும் அழியாது. எனவே மிச்சத்தைத் தீர்க்கிறோம் என்ற நல்ல எண்ணத்தில், வெளியே வைத்து மறந்த சோற்றைப் பரிமாற வேண்டாம். முளைவிட்டுப் பச்சை நிறம் படர்ந்த உருளைக்கிழங்கையும் அப்படியே ஒதுக்கிவிடுங்கள்.

அடுத்து, துப்புரவுப் பொருட்கள். இதைக் கவலையோடு சொல்கிறேன். அடியில் கொஞ்சம் கொஞ்சம் மிஞ்சிய புட்டிகளைப் பார்த்தவுடன், எல்லாவற்றையும் ஒன்றாக ஊற்றித் தீர்த்துவிடலாம் என்று தோன்றும். அதை ஒருபோதும் செய்யாதீர்கள். பிளீச் எனப்படும் வெளுப்புத் திரவத்தோடு அமிலம் கலந்த கழிவறைத் திரவம் சேர்ந்தால் குளோரின் வாயு வெளிப்படும். அம்மோனியா கலந்த திரவம் சேர்ந்தால் குளோரமின் வாயு வெளிப்படும். இரண்டுமே நுரையீரலைத் தாக்குபவை, அதிலும் குளியலறை போன்ற அடைத்த இடத்தில் ஆபத்து மிகுதி. ஒரு புட்டியை முற்றிலும் தீர்த்து, இடத்தை நன்றாக நீர் ஊற்றிக் கழுவிய பிறகே அடுத்ததைத் திறக்க வேண்டும். தேதி கடந்த மருந்துகளையும் தீர்க்க வேண்டிய பட்டியலில் சேர்க்காதீர்கள். முகப்பூச்சுக் குப்பிகளின் மேல் மூடி திறந்த குப்பியின் படமும் அருகே 6 அல்லது 12 என்ற எண்ணும் இருக்கும். திறந்த பின் எத்தனை மாதம் பயன்படுத்தலாம் என்பதை அது காட்டுகிறது.

பற்பசைக் குழாயைக் கத்தரிக்கோலால் குறுக்கே வெட்டிப் பாருங்கள். அழுத்தி அழுத்திப் பார்த்து இனி வராது என்று நாம் கைவிட்ட குழாயின் கழுத்துப் பகுதியில் பசை வெள்ளையாக ஒட்டிக்கொண்டிருக்கும். எங்கள் வீட்டில் அது இருவருக்கும் மூன்று நாட்கள் வந்தது. தேய்ந்து மெலிந்த சோப்புச் சில்லுகளை நனைத்துப் புதிய கட்டியின் மேல் அழுத்தினால் மறுநாள் ஒட்டிவிடும்.

எதையும் வாங்குவதில்லை என்பதற்கு விலக்கு வேண்டாமா என்று கேட்பீர்கள். கட்டாயம் வேண்டும். மருந்து, கைக்குழந்தைக்கான பால், வேலைக்குப் போகும் பயணச் செலவு, கெடு உள்ள கட்டணங்கள் ஆகியவற்றை முதல் நாளே தாளில் எழுதி வீட்டில் எல்லாரும் ஒப்புக்கொள்ள வேண்டும். பச்சைக் காய்க்கென்று ஒரு சிறு தொகையை ஒதுக்குவதிலும் குற்றமில்லை. வாரத்தின் நடுவில் கண்டுபிடிக்கும் விலக்குகள்தான் கெடுதல். அதைவிடக் கெடுதல், தொடங்குவதற்கு முதல் நாள் பை நிறைய வாங்கி வந்து அடுக்கிவிட்டுத் தொடங்குவது; அப்படிச் செய்தால் சரிபார்க்க வேண்டிய பழைய இருப்பு மீண்டும் பின்வரிசைக்குப் போய்விடும்.

வாங்கத் தோன்றுவதையெல்லாம் வாங்காமல் ஒரு தாளில் தேதியோடு எழுதி வையுங்கள். கைப்பேசியில் சேமித்து வைத்திருக்கும் அட்டை எண்களை அந்த ஏழு நாட்களுக்காவது நீக்கிவிடுங்கள். டிராசன் பிரெலெக், டங்கன் சிமெஸ்டர் என்ற இரு பேராசிரியர்கள் 2001இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு கூடைப்பந்து ஆட்டத்தின் நுழைவுச்சீட்டுகளை மாணவர்களிடையே ஏலம் விட்டார்கள். ரொக்கமாகத் தர வேண்டும் என்று சொல்லப்பட்டவர்களைவிடக் கடன் அட்டையில் தரலாம் என்று சொல்லப்பட்டவர்கள் சராசரியாக இருமடங்குக்கும் மேல் விலை கேட்டார்கள். கையிலிருந்து பணம் போகும் உணர்வு குறையக் குறையச் செலவு கூடுகிறது.

ஒன்றைச் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை. அன்றாடக் கூலியில் அன்றன்றைக்கு வாங்கிச் சமைக்கும் குடும்பங்கள் உண்டு. அவர்களிடம் தீர்ப்பதற்குப் பின்வரிசை கிடையாது. வாங்காமல் இருப்பது அவர்களுக்குப் பட்டினி. இந்த வாரம், தேவைக்கு மேல் சேர்ந்துவிட்ட வீடுகளுக்கானது. கணக்கெடுப்பில் உங்களால் தீர்க்கவே முடியாது என்று தெரியும் நல்ல பொருட்களை, தேதி கடக்கும்வரை காத்திராமல், முதல் நாளே தேவைப்படுகிறவர்களிடம் சேர்ப்பித்துவிடுங்கள்.

எட்டாம் நாள் காலையில் உடனே எல்லாவற்றையும் நிரப்பிவிட வேண்டாம். அந்த வாரத்தில் எது தீர்ந்தது, எது தீரவில்லை, எது இல்லாமலே சமாளித்தோம் என்பதைப் பட்டியலில் பார்த்து, தீர்ந்தவற்றை மட்டும் வாங்குங்கள். வாங்கிய பொட்டலத்தைப் பிரிக்கும் அன்றே அதன் மேல் பேனாவால் தேதியை எழுதுங்கள். தீரும் நாளில் மற்றொரு தேதியை எழுதுங்கள். ஒரு பொருள் நம் வீட்டில் எத்தனை நாள் வருகிறது என்று தெரிந்தால்தான் எப்போது வாங்க வேண்டும் என்பது தெரியும்.

அந்த வாரம் முடிந்ததும் நாங்கள் முதலில் வாங்கியது மாவுதான். மேலே தேதி எழுதிப் பிரித்தோம். அது தீர்ந்த அன்று அடுத்த தேதியை எழுதிக் கழித்துப் பார்த்தபோது 19 நாட்கள் வந்தன. அதற்கு முன்பெல்லாம் வாரத்துக்கு ஒரு பொட்டலம் என்று வாங்கிக்கொண்டிருந்தோம். கீழ்த்தட்டில் மூன்று பொட்டலங்கள் எப்படிச் சேர்ந்தன என்பது அன்றைக்குத்தான் எங்கள் இருவருக்கும் விளங்கியது.

நன்றி, வணக்கம்.