திருகோணமலைப் பெயர் தாங்கிய கப்பல் எத்தனை போர் கண்டது?

போன பேச்சுக்குப் பிறகு ஒரு நண்பர் கேட்டிருந்தார்: "திருகோணமலை பெயரில் ஆங்கிலேயருக்கு ஒரு போர்க்கப்பல் இருந்ததாமே, அது எத்தனை போரில் சண்டை போட்டது?" இரண்டு நாளாக இந்தக் கேள்வி என்னை விடவே இல்லை.

சொல்லும்படியான பெரும் கடற்போர் எதிலும் அது சண்டை போடவில்லை. ஆனால் 1817-இல் தண்ணீரில் இறங்கிய அந்த 'டிரின்கோமலி' இன்றைக்கும் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் மிதக்கிறது. அது எப்படி என்று கேளுங்கள், அங்கேதான் விஷயம் இருக்கிறது.

பம்பாயில் கட்டிய கப்பல் அது. நெப்போலியன் போர்களுக்காகக் கப்பல் கட்டிக் கட்டி இங்கிலாந்தில் ஓக் மரத்துக்குத் தட்டுப்பாடு. அதனால் வேலை பார்சிக்காரர் ஜம்ஷெட்ஜி பொமன்ஜி வாடியா கைக்கு வந்தது. வடிவம் 1782-இல் பிரெஞ்சுக்காரரிடம் பிடித்த 'எபே' கப்பலுடையது. அதன் வரைபடத்தை ஏற்றி வந்த 'ஜாவா' கப்பலை 1812 டிசம்பரில் பிரேசில் பக்கம் அமெரிக்கர்கள் மடக்கிவிட்டார்கள். வேறு படம் அனுப்ப வேண்டியதாயிற்று.

மரம் தேக்கு. பம்பாய்க் கப்பல் கட்டும் தளம் பற்றிய பேச்சிலேயே சொன்னேன், திரும்பவும் சொல்கிறேன். ஓக்கில் உள்ள துவர்ப்புச் சத்து இரும்பை அரிக்கும். ஆணி போனால் பலகை போச்சு. தேக்கில் எண்ணெய்ப் பசை உண்டு. எங்கள் தாத்தா வீட்டுத் தேக்கு வாசல் நிலையைப் பிரித்தபோது ஆசாரி ஓர் ஆணியைப் பிடுங்கி என் கையில் தந்தார். தலை முழுக்கத் துரு. மரத்துக்குள் இருந்த பகுதி மட்டும் கறுப்பாக, வழுவழுவென்று, எண்ணெய் தடவி வைத்தாற்போல இருந்தது. வாடியா தம் மரபுப்படி இந்தக் கப்பலின் ஏராவில், அதாவது அடிக்கட்டையில், ஒரு வெள்ளி ஆணியும் அடித்தார். அந்தச் சடங்கைப் பற்றித் தனியாகவே பேசலாம்.

சரி, கப்பலுக்கு வருவோம். 1819-இல் போர்ட்ஸ்மத் போய்ச் சேர்ந்தபோது சண்டைகள் ஓய்ந்திருந்தன. 1845 வரை சும்மா கட்டிப் போட்டார்கள். அப்படிக் கிடந்ததும் ஆயுளுக்கு நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் அப்புறம் பீரங்கிகளை 38-இலிருந்து 26 ஆகக் குறைத்து, மேற்கிந்தியத் தீவுகள், பசிபிக் என்று 1857 வரை ஓட்டினார்களே! அந்த ஓட்டத்தையும் தேக்கு தாங்கியது.

பிறகு பயிற்சிக் கப்பல். 1897-இல் உடைப்பதற்கு விற்றுவிட்டார்கள். வீட்லி காப் என்பவரின் 'ஃபூத்ராயன்' கப்பல் அதே ஆண்டு பிளாக்பூல் கரையில் புயலில் சிதைந்திருந்தது. அவர் இதை வாங்கி அதே பெயரைச் சூட்டினார். 1986 வரை பிள்ளைகள் இதில் கடல்தொழில் பழகினார்கள். 1990-இல் தொடங்கிய பழுதுவேலை முடியப் பத்தாண்டுக்கு மேல் ஆனது. நடுவில், 1992-இல், திருகோணமலைப் பெயரைத் திரும்ப எழுதினார்கள்.